நூற்றிருபதுக்குக் கீழே

மூன்றாம் மாடி பிலோமினா வீட்டுக் கணினியில் ஓட்டுகிற விமானம் எந்த வேகத்தில் போகிறதோ அந்த வேகத்தில்தான் எங்கள் அடுக்ககத்தில் நாட்கள் ஓடுகின்றன என்பதை முதலில் கண்டுபிடித்தவர் பால்காரர் சின்னையாதான். அவருக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. காலையில் பாக்கெட் போட்டுவிட்டுப் போனவர் மறுநாள் காலை வந்து பார்த்தால் முந்தின நாள் பாக்கெட் இன்னும் வாசலிலேயே கிடக்கிறது, கேட்டால் இப்போதுதானே போட்டீர்கள் என்று நாங்கள் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே குரலில் சொல்கிறோம், அவர் என்னதான் செய்வார்.

திருச்சி விமான நிலையத்துக்குப் பின்னால், சுற்றுச்சுவரை ஒட்டி இருக்கிறது எங்கள் அடுக்ககம். நான் அதன் சங்கச் செயலாளர், அதாவது தண்ணீர் மோட்டார் ரிப்பேரானால் திட்டு வாங்குகிறவன். பிலோமினாவின் கணவர் சவரிமுத்து பத்தொன்பது வருடமாக அரபு நாட்டில், தம்மாமில் ஏசி மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முப்பது நாள் லீவில் வருவார், வந்த மறுநாளே திரும்பிப் போவதற்கான பெட்டியை ஒரு மூலையில் திறந்து வைத்துவிடுவார், அந்தப் பெட்டி நிறைய நிறைய பிலோமினாவின் முகம் வாடிக்கொண்டே வரும். மகன் சென்னைக்குப் படிக்கப் போனபோது விட்டுப்போன கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. அவரைக் கூட்டிக்கொண்டு போகிற சனியன் எப்படித்தான் பறக்கிறது பார்ப்போம் என்று அவள் அதைத் திறந்தாள். விஷயம் தெரிந்து சவரிமுத்து ஊருக்கு வரும் நண்பர் ஒருவரின் பெட்டியில் ஒரு கைப்பிடியும் இரண்டு எஞ்சின் லிவரும் வாங்கி அனுப்பினார். அவற்றைச் சாப்பாட்டு மேசையில் பூட்டிய நாளிலிருந்து அந்த மேசையில் யாரும் சாப்பிடவில்லை.

பிலோமினா பிறவியிலேயே பொறுமை இல்லாதவள். குக்கர் மூன்று விசில் அடிக்கும்வரை அவளால் நிற்க முடியாது, இரண்டாவது விசிலுக்கே அடுப்பை அணைத்துவிட்டு வேகாத பருப்பைக் குறை சொல்வாள். விமானத்தையும் அப்படித்தான் ஓட்டினாள். தரையில் உருட்டிக்கொண்டு வந்து, வரிசையில் நின்று, மேலே ஏறி, இதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கிறது? அந்த விளையாட்டில் நேராக நடுவானத்திலிருந்தே தொடங்கலாம். அவள் திருச்சி தம்மாம் வழியில் முப்பத்தைந்தாயிரம் அடியில் தொடங்குவாள், வேகமுள் இருநூற்றுத் தொண்ணூறில் நிற்கும், தானியங்கியைப் போட்டுவிட்டுப் போய்த் துணி துவைப்பாள், கடலைத் தாண்டும்போது அலுத்துவிட்டால் அணைத்துவிடுவாள். நான்கு வருடத்தில் அவள் விமானம் ஒருமுறை கூடத் தரையைத் தொட்டதில்லை.

எந்தச் செவ்வாய்க்கிழமை அந்த வேகமுள் எங்கள் நாட்களைப் பற்றிக்கொண்டது என்பது யாருக்கும் நினைவில்லை, ஏன் பற்றிக்கொண்டது என்று கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. விமானம் இருநூற்றுத் தொண்ணூறில் போனால் உலையில் அரிசி வேகுமுன் ஒரு பகல் முடிந்து இருட்டும், வடிக்கும்போது விடிந்துவிடும், சாப்பிட உட்காரும்போது அது முந்தாநாள் சோறாக இருக்கும். தலையில் வைத்த மல்லிகை கண்ணாடி பார்ப்பதற்குள் வாடியது. ஆண்கள் ஒரு பக்கக் கன்னத்தை மழித்துவிட்டு மறுபக்கம் போவதற்குள் முதல் பக்கத்தில் மறுபடி முளைத்தது. முதல் மாடி கோதண்டபாணி சார் பேப்பரில் முதல் பக்கத்தைப் படிக்கும்போதே அடுத்த நாள் பேப்பர் வந்து மடியில் விழும், அவர் தலைப்புகளை மட்டும் படிக்கப் பழகினார், அதில் அவருக்கு நிம்மதி கூடியதாகவே சொன்னார். பசி மட்டும் தன் இஷ்டப்படி வந்தது. அணைத்துவிட்டால் எல்லாம் ஊரோடு ஒத்த வேகத்துக்குத் திரும்பிவிடும், அப்போது எங்களுக்கு நாள் ஒன்றும் நகராதது போலிருக்கும்.

அதற்குத் தகுந்தபடி நாங்களும் மாறிக்கொண்டோம். மனிதர்கள் எதற்குத்தான் பழகமாட்டார்கள்? சங்கக் கூட்டம் போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் இருநூற்றைம்பதுக்கு மேல் போகக்கூடாது என்று தீர்மானம் எழுதினோம். பரீட்சைக்கு முந்தின வாரம் மெதுவாக, ரிசல்ட் வரும்வரை வேகமாக என்று பிள்ளை பெற்றவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். மாமியார் வந்திருக்கும் வீட்டுக்காரர்கள் நேரில் வந்து காதோடு சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு நேர்கீழ் வீட்டு நூர்ஜஹானுக்கு அது தலைப்பிரசவம், வாந்தி நிற்கவே இல்லை, கண்கள் உள்ளே போய்விட்டன. அவள் மாடிப்படியைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து கேட்டாள்.

"அக்கா, நாலாம் மாசம் வரைக்கும் கொஞ்சம் வெரட்டி விட்டுருங்கக்கா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"புண்ணியம் என்னாத்துக்குடி, எனக்கும் அதான வேணும்" என்றாள் பிலோமினா.

அவளுக்கு வேண்டியது அதுதான். சவரிமுத்து இல்லாத நாட்களை அவள் விரட்டு விரட்டென்று விரட்டினாள். அந்த வருடம் ஆடி எப்போது வந்தது, தீபாவளி எப்போது போனது, எதுவும் எங்களுக்குத் தெரியாது. நூர்ஜஹானின் வயிறு எங்கள் கண் முன்னாலேயே ஏறிக்கொண்டு வந்தது. இப்படியே போனால் சீக்கிரம் கிழவர்களாகிவிடுவோமே என்று நான் மட்டும் இரண்டொரு முறை கூட்டத்தில் முனகினேன். ஊரில் எல்லோரும் அதே கிழமையில்தானே கிழவர்கள் ஆகப்போகிறார்கள் என்று என்னை உட்காரவைத்துவிட்டார்கள்.

தை மாதம் சவரிமுத்து வந்தார். முப்பது நாள் லீவு. அன்றைக்குத்தான் பிலோமினா முதன்முறையாகத் தனக்காக வேகத்தைக் குறைக்க லிவரைப் பின்னால் இழுத்தாள்.

வேகமாகப் போவது சுலபம், மெதுவாகப் போவதுதான் வேலை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இருநூற்றுப் பத்துக்குக் கீழே போக வேண்டுமென்றால் இறக்கையின் பின்பக்க மடிப்பை, அதை ஃபிளாப் என்பார்கள், கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும், மூக்கைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அதற்கும் கீழே குறைக்கக் குறைக்க எஞ்சினுக்கு அதிக விசை கொடுக்க வேண்டும், இல்லையென்றால் விமானம் அப்படியே அமிழத் தொடங்கும். வேகமாகப் போகும்போது மட்டும் வேலை செய்கிற அவளுடைய தானியங்கி நூற்றைம்பதில் என்னால் ஆகாது என்று கழன்றுகொண்டது. ஒரு கை கைப்பிடியில், ஒரு கை லிவரில், கண் வேகமுள்ளில். அப்படி உட்கார்ந்தால்தான் நூற்று நாற்பதில் நிற்கும். நின்றது. எங்களுக்குப் பகல் ஒன்று மூன்று பகலாக நீண்டது. வெயில் சுவரில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. துணி காய்ந்து, மடித்து, மறுபடி துவைத்துக் காயப்போட்டாலும் பன்னிரண்டு மணி அடிக்கவில்லை.

சவரிமுத்து அவள் நாற்காலிக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டாயா என்று கேட்டால் ம் என்பாள். மகன் போன் பண்ணினான் என்றால் ம் என்பாள். காபி போட்டுக்கொண்டு வந்து அவள் வாயருகே பிடித்தால் கண்ணை எடுக்காமல் குடிப்பாள். தூங்குவதற்கு மட்டும் அணைப்பாள், அணைத்த பிறகும் நாள் ஓடிவிடுமே என்று புரண்டு புரண்டு படுத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடுவாள். பதினாறாம் நாள், மோட்டார் சாவி வாங்க நான் போயிருந்தபோது, அவர் சொன்னதைக் காதால் கேட்டேன்.

"பத்தொம்பது வருஷமா ஒன் மொகத்தப் பாக்க வந்துட்டுப் போறேன் பிலோ. இந்தத் தடவ முதுகத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"கைய எடுத்தா விழுந்துரும்ங்க."

"விழுந்தா விழட்டும்."

"விழுந்தா ஒங்க லீவுதாங்க விழும்" என்றாள், அப்போதும் திரும்பவில்லை.

அவள் சொன்னது நடந்தது. இன்னும் மெதுவாகப் போக வேண்டும் என்ற ஆசையில் நூற்றிருபதைத் தாண்டி நூற்றுப் பத்துக்கு இழுத்தாள். கைப்பிடி நடுங்கியது, மூக்கு தொங்கியது, விமானம் கல் மாதிரி விழுந்து, விழுந்த வேகத்தில் முள் எகிறியது. எங்கள் வீட்டு நாட்காட்டியில் மூன்று தாள் ஒன்றாகக் கிழிந்து கீழே விழுந்தது. நூர்ஜஹான் வீட்டில் உறை ஊற்றியிருந்த தயிர் புளித்துப் பொங்கியது. பிலோமினா விமானத்தை எப்படியோ நிமிர்த்திவிட்டாள், ஆனால் அந்த மூன்று நாளை நிமிர்த்த வழியில்லை. அவள் ஓவென்று அழுதாள். எனக்கும் என்னவோ போலிருந்தது.

"வானத்துல நூத்தியிருவதுக்குக் கீழ போவாதுங்க" என்றாள் மூக்கைச் சிந்தியபடி.

சவரிமுத்து கொஞ்ச நேரம் யோசித்தார். மெக்கானிக் மூளை. "தரையில போவும்ல? எறங்கினப்புறம் ஓடுபாதையில அஞ்சு, பத்துலதான உருட்டிட்டுப் போறான். அப்ப அவனுக்குக் கைவேலையும் இல்லையே" என்றார்.

தரையிலேயே நிறுத்தித் தொடங்கிப் பார்த்தாள். எங்கள் நாட்கள் அதைச் சட்டை செய்யவில்லை. வானத்திலிருந்து அவளே கொண்டுவந்து இறக்குகிற வேகத்துக்குத்தான் அவை கட்டுப்படும் போலிருந்தது. ஆக, நான்கு வருடமாகச் செய்யாததைச் செய்ய வேண்டும். இருபதாம் நாள் காலை பத்து மணிக்கு, தம்மாமை நோக்கி, பிலோமினா விமானத்தை இறக்கத் தொடங்கினாள்.

அங்கேதான் பெரிய தப்பு நடந்தது. கீழே போக வேண்டுமா, மூக்கை அமுக்கு. அவளுக்கு அவ்வளவுதான் தெரியும். லிவரை முழுக்கப் பின்னால் இழுத்துவிட்டு மூக்கை அமுக்கினாள். எஞ்சின் சும்மா இருந்தாலும் சரிவில் இறங்குகிற லாரி மாதிரி வேகம் ஏறிக்கொண்டே போனது, முந்நூறு, முந்நூற்று இருபது, முந்நூற்று நாற்பது. அவள் குறையவில்லையே குறையவில்லையே என்று கத்திக்கொண்டு இன்னும் அமுக்கினாள். ஜன்னலில் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி அடித்தன. சின்னையா மணியை அடிக்கிறார், பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறப்பதற்குள் மறுபடி அடிக்கிறார், மறுபடி அடிக்கிறார். அதற்குள் வளர்ந்துவிட்ட என் நகம் படியின் கைப்பிடியில் கீறியது. அவள் பயந்துபோய் மூக்கைத் தூக்கி விமானத்தை மட்டமாக்கி நிறுத்தியபோது இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் மணி ஐந்து ஆகியிருந்தது. முப்பதாம் நாள் அவர் தம்மாமில் இருக்க வேண்டும், இரவு ஏழு மணிக்குக் கார் வரும். பெட்டி மூலையில் திறந்தபடி, பாதி காலியாகக் கிடந்தது. அதை நிரப்பக்கூட அவர்களுக்கு நாள் கிடைக்கவில்லை.

அந்த வீட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒன்பது நாள் பறிபோன வீட்டு வாசலில் நாங்கள் எல்லோரும் திருட்டு நடந்த வீட்டுக்கு வந்தவர்கள் போல நின்றோம். சவரிமுத்து ஒரு ஸ்டூலை எடுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"எறங்கறதும் கொறைக்கறதும் ஒண்ணா ஆவாது பிலோ. ஒண்ணொண்ணாச் செய். மொதல்ல இதே ஒசரத்துல நில்லு. நின்னுக்கிட்டே கொற. கொறஞ்சப்புறம் எறங்கு. நான் வேகத்தச் சொல்றேன், நீ முன்னால பாரு."

"எனக்குப் பதறுதுங்க."

"பதறட்டும். கை மட்டும் பதறக்கூடாது."

மட்டமாக நின்று குறைத்தாள். அவர் சொல்லிக்கொண்டே வந்தார். இருநூத்தம்பது. இருநூத்திப் பத்து, ஃபிளாப். நூத்தி எம்பது, இன்னும் ஃபிளாப். நூத்தி அறுவது, சக்கரம் போடு. சக்கரம் இறங்கிய சத்தம் எங்கள் பன்னிரண்டு வீட்டுத் தரைக்கு அடியிலும் கேட்டது. அப்புறம்தான் மூக்கை ஒரு விரல் தாழ்த்தி இறங்கத் தொடங்கினாள். தூரத்தில் மணலும், மணலுக்கு நடுவே ஓடுபாதையும் தெரிந்தன. வேகம் ஐந்து கூடினால் அவர் தொண்டையைச் செருமுவார், அவள் லிவரை ஒரு நூல் இழுப்பாள். ஐந்து குறைந்தால் அவர் கால் தட்டும், அவள் ஒரு நூல் தள்ளுவாள். கோதண்டபாணி சார் வாசல்படியில் முருகா முருகா என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நூற்று முப்பத்தைந்தில் சக்கரம் தரையைத் தொட்டது. ஒரு குதி குதித்தது, இன்னொரு குதி, பிறகு ஒட்டிக்கொண்டது.

வேகம் கரைந்தது. நூறு. அறுபது. முப்பது. சாயங்கால வெயில் எங்கள் மொட்டை மாடித் தொட்டிமேல் அப்படியே படிந்து நின்றது. ஐந்து என்ற எண்ணில் விமானம் தானாக உருண்டு, நீண்ட நேரான பாதையில் தூரத்துக் கட்டடத்தை நோக்கிப் போகத் தொடங்கியதும், பிலோமினா இரண்டு கையையும் எடுத்தாள். எடுத்துப் பார்த்துக்கொண்டாள். ஒன்றும் விழவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

அந்தச் சாயங்காலம் எங்கள் கணக்கில் நாலு நாள் இருந்தது. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டோம், ஆனால் அடுக்ககத்தில் எது மறைவு? மீன் குழம்பு வாசனை வந்தது, இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் வந்தது, ஒருமுறை பெரிய சண்டைச் சத்தம் வந்து அது பாதியிலேயே நின்றது. ஒவ்வொரு லீவிலும் பார்த்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிற சமையலறைக் குழாயை அவர் கழற்றி மாட்டினார், ஸ்பானர் வேண்டும் என்று என்னிடம்தான் வாங்கினார். அதைத் திரும்ப வாங்க நான் போனபோது அவர் திரையில் தெரிந்த கட்டடத்தைக் காட்டி, "அந்தா அந்த வழியாத்தான் வெளிய வருவேன். வெளிய வந்ததும் மொதல்ல மூஞ்சியில அனல் அடிக்கும்" என்று அவளிடம் சொன்னார். அவள் அந்த வாசலைக் கூர்ந்து பார்த்தாள்.

"திரும்பிப் போறதுக்குன்னு இல்லாம எப்பங்க வருவீங்க?" என்றாள். அவர் ஸ்பானரை என் கையில் கொடுத்தார்.

நாலாம் நாள், அதாவது அதே சாயங்காலம், நூர்ஜஹானுக்கு வலி எடுத்தது. வலியும் ஐந்து என்ற வேகத்தில்தான் வந்தது. ஒரு வலி ஏறி இறங்க ஒரு பொழுது ஆயிற்று. அவள் போட்ட சத்தம் படிக்கட்டில் ஏறி மூன்றாம் மாடி வரை போய்ச் சேர்வதற்குள் எங்களுக்கு உயிர் போய்விட்டது. நான் மூன்றாம் மாடிக்கு ஓடினேன். பிலோமினா வாசலிலேயே நின்றிருந்தாள். திரையில் விமானத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே இன்னும் கால்வாசிப் பாதை இருந்தது. எங்கள் கணக்கில் இன்னும் ஒரு முழு நாள்.

"அக்கா, தாங்கலக்கா!" என்று கீழிருந்து கேட்டது.

சங்கத் தீர்மானம் எதையும் நான் எடுத்துக் காட்டவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பிலோமினா சவரிமுத்துவைப் பார்த்தாள், நன்றாக, முகத்தை மனப்பாடம் செய்கிற மாதிரி பார்த்தாள். பிறகு மேசைக்குப் போய்ச் சுவிட்சைத் தட்டி அணைத்தாள்.

வெயில் சட்டென்று தொட்டியிலிருந்து இறங்கியது. மணி ஏழாகி, கார் வந்தது. பெட்டியைத் தூக்கிப் பின்னால் போடுமுன் சவரிமுத்து நூர்ஜஹானையும் அவள் அம்மாவையும் பின்சீட்டில் ஏற்றினார், ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுத்தான் விமான நிலையம் போனார். பிலோமினா மொட்டை மாடியில் நின்றாள். அவருடைய விமானம் எங்கள் தலைக்கு மேல் எழுந்தபோது, இப்பச் சக்கரத்தத் தூக்குவாங்க, இப்ப ஃபிளாப் போவும், இப்ப இருநூத்தம்பது என்று அவள் வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பெண் குழந்தை பிறந்தது என்று போன் வந்தபோதும் அவள் மேலேயேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே அவள் நாட்களை விரட்டத் தொடங்குவாள் என்று நாங்கள் எதிர்பார்த்தோம், பேப்பர் தலைப்புகளுக்குத் தயாரானோம். கணினிமேல் ஒரு பழைய புடவையைப் போர்த்தி வைத்திருந்தாள். நாட்கள் ஊரோடு ஒத்து நடந்தன. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை, வெள்ளிக்கிழமை துவைத்த திரைச்சீலையைச் சனிக்கிழமை மறுபடி துவைத்தாள், நூர்ஜஹானின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் ஏறி இறங்கினாள். சவரிமுத்து வாரம் ஒருமுறை பேசுவார். சித்திரையில் ஒருநாள் அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் அவர் குரல் எனக்கும் கேட்டது.

"எப்ப வருவீங்கன்னு நீ அன்னைக்குக் கேட்டில்ல பிலோ. சட்டுனு எறங்கினா என்ன ஆவும்னு பாத்தோம். மொதல்ல கொறைக்கணும். இனிமே ஓவர்டைம் வேணாம்னு சொல்லிட்டேன்."

"இப்ப வேகம் எவ்ளோ இருக்கு?"

"இருநூத்தம்பது" என்றார்.

அதற்குப் பிறகு அவள் வேறு எதையும் விசாரிக்கவில்லை, அதை மட்டும்தான் கேட்பாள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்த அன்று இருநூத்திப் பத்து. தன் வேலையைப் பழக இன்னொருத்தன் வந்து சேர்ந்தபோது நூத்தி எம்பது. நடுவில் இரண்டு மாதம் அந்த எண் நகரவே இல்லை, அவள் எங்கள் எல்லோரிடமும் எரிந்து விழுந்தாள். கார்த்திகையில் ஒரு மத்தியானம், நான் மோட்டார் போட மொட்டை மாடிக்குப் போனபோது, அவள் போனைக் காதில் வைத்தபடி தொட்டி ஓரமாக நின்றிருந்தாள்.

"சக்கரம் போட்டாச்சு பிலோ. இன்னும் நாப்பத்தோரு நாள்."

கீழே கணினி இருந்தது. புடவையை எடுத்துவிட்டு இருநூற்றுத் தொண்ணூறில் போட்டால் நாற்பத்தோரு நாள் ஒரு பொழுதில் போய்விடும். சங்கத்தில் யாரும் ஆட்சேபிக்க மாட்டோம் என்று நானே போய்ச் சொன்னேன். அவள் மூன்று தடவை அந்த மேசை வரைக்கும் போனதை நூர்ஜஹான் பார்த்திருக்கிறாள். மூன்றாவது தடவை லிவரையும் கைப்பிடியையும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மேசையைத் துடைத்து, அதில் இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள். வைத்துவிட்டு நாற்பத்தோரு நாளையும் ஒவ்வொன்றாகக் காத்திருந்தாள்.